வண்டிக் கொட்டகையில் ஒரு பந்தயக் கார்: லோட்டஸ் லெவன் மாதிரியை வீட்டிலேயே கட்டுவது எப்படி?

1950, 60களின் பந்தயக் கார் ஒன்றைத் தம் கையால் கட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள், பெரும்பாலும் ஜாகுவார் டி-டைப், ஏசி கோப்ரா போன்ற பெரிய கார்களுக்குத்தான் முதலில் ஆசைப்படுகிறார்கள். முதல் கார் கட்டுபவர் அந்த ஆசையை ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது. அவற்றுக்குரிய பெரிய எஞ்சினும் அந்த வலிமையைத் தாங்கும் கியர்பாக்ஸும் ஆக்சிலும் நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பவை அல்ல. கிடைத்தாலும், முதன்முதலாக வெல்டிங் செய்த சேசிஸில், அதாவது காரின் அடிச்சட்டகத்தில், பூட்டுவதற்கு உரியவை அல்ல. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பகுதியில் இருந்துகொண்டு இந்த வேலையைத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது, 1956-இல் வெளிவந்த லோட்டஸ் லெவன் என்னும் சிறிய கார்.

இதற்குக் காரணம் உண்டு. கோலின் சாப்மன் வடிவமைத்து, விமானத் துறையிலிருந்து வந்த ஃபிராங்க் காஸ்டின் வெளித்தோற்றத்தை வரைந்த அந்தக் காரின் எடை ஏறக்குறைய 450 கிலோதான். அதில் பொருத்தப்பட்ட கோவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சின், தீயணைப்புத் துறையின் கையடக்க பம்புக்காக உருவாக்கப்பட்ட ஒன்றிலிருந்து பிறந்தது, 1098 சி.சி. கொள்ளளவும் சுமார் 75 குதிரைத்திறனும் கொண்டது. அதை வைத்துக்கொண்டே 1956-ஆம் ஆண்டு லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1100 சி.சி. பிரிவை வென்றார்கள். இன்று நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பழைய மாருதி ஈகோ வேனின் எஞ்சின் 1196 சி.சி.; அதன் திறன் சுமார் 73 குதிரைத்திறன். அதாவது, எஞ்சினைப் பொறுத்தவரை நமக்கும் அவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு முழுவதும் எடையில் இருக்கிறது. கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் இந்த ஒன்றை மறக்காமல் இருப்பவருக்கு நல்ல கார் அமையும். மறந்தவருக்கு இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு வேன் அமையும்.

இந்தக் காரின் மாதிரியைக் கட்டுவது புதிய முயற்சியும் அல்ல. இங்கிலாந்தின் வெஸ்ட்ஃபீல்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் தொழில் தொடங்கியதே லெவனின் மாதிரியைக் கொண்டுதான். அந்த மாதிரிக்குப் பழைய எம்.ஜி. மிட்ஜெட் காரின் பாகங்களைப் பயன்படுத்தினார்கள். உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் வண்டியின் பாகங்களை எடுத்து இலகுவான சேசிஸில் பொருத்துவது என்ற அதே வழியைத்தான் நாமும் பின்பற்றப் போகிறோம். கோயம்புத்தூரின் எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை உருவாக்கியதும் இதே சிந்தனையில்தான். நாராயண் கார்த்திகேயன் தம் தொடக்க காலத்தில் ஓட்டிய கார்களில் அதுவும் ஒன்று.

சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டில் கட்டிய காரை நம் நாட்டில் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதிப்படி, ஒவ்வொரு வாகன மாதிரியும் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். தனிமனிதர் ஒற்றைக் காருக்காக அந்தச் செலவை ஏற்பது நடைமுறையில் இயலாத காரியம். பழைய வேனின் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதே எண்ணில் புதிய காரை ஓட்டலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பாகங்களுக்காக ஒரு வேனை வாங்கிப் பிரித்துவிட்டால், 55-ஆம் பிரிவின்படி அது இனி பயன்பாட்டில் இல்லை என்பதை 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, பதிவுச் சான்றையும் ஒப்படைத்துவிட வேண்டும்.

எனவே இந்தக் கார் பந்தயத் தடத்துக்கு மட்டுமே உரியது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திலும் தடங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். குன்றக்குடி வரை ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பது விளையாட்டல்ல. காப்பீடு இல்லாத காரால் ஓர் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் ஒரு குடும்பத்தின் சொத்தே போய்விடும்.

இடம்

செட்டிநாட்டு வீடுகளில் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. பின்கட்டில் வண்டிக் கொட்டகையோ கார் ஷெட்டோ இருந்தால் அதைவிட நல்ல பட்டறை கிடைக்காது. சாப்மன் தம் தொழிலை வடக்கு லண்டனில் தந்தையின் விடுதிக்குப் பின்னால் இருந்த குதிரை லாயத்தில்தான் தொடங்கினார். ஆனால் வேலையைத் தொடங்குமுன் பின்வாசலின் அகலத்தை அளந்துவிடுங்கள். கார் 1.6 மீட்டர் அகலம் வரும். நிலைக்கதவு அதைவிடக் குறுகலாக இருந்தால், கட்டி முடித்த காரைச் சுவரை இடித்துத்தான் வெளியே எடுக்க முடியும்.

வீட்டின் உட்பகுதியான வளவுக்குள்ளோ பட்டாலையிலோ வெல்டிங் செய்யவே கூடாது. தேக்குத் தூண்களும் மர விதானமும் உள்ள இடத்தில் தீப்பொறி பறப்பது ஆபத்து. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழும் பொறியின் வடு பின்னர் எந்த மெருகாலும் போகாது. பழைய வீட்டின் மின்கம்பிகளை நம்பி வெல்டிங் இயந்திரத்தைச் செருகாமல், முறையான எர்த் இணைப்புடன் தனி லைன் ஒன்றை இழுத்துக்கொள்ளுங்கள். வீடு பொதுவில் இருந்தால் பங்காளிகளிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுவிடுவதும் அவசியம். கல்யாணத்துக்கோ முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ எல்லோரும் ஊருக்கு வந்து இறங்கும்போது, சமையல் நடக்க வேண்டிய பின்கட்டில் பாதிக் கார் படுத்துக் கிடந்தால் வரும் பேச்சை எந்த எஞ்சின் சத்தமும் மூடாது.

பருவத்தையும் கணக்கில் வையுங்கள். தை முதல் பங்குனி வரை சேசிஸ் வேலைக்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் அடிக்காத இரும்புக் குழாய் ஓரிரு நாளிலேயே துருவேறும். ஆகவே மழைக்கு முன் குறைந்தபட்சம் பிரைமராவது அடித்துவிட வேண்டும்.

அளவும் மாதிரியும்

லெவனின் வீல்பேஸ் 2159 மி.மீ. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையிலான இந்த நீளத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, காரின் பக்கத் தோற்றத்தை முழு அளவில் ஒரு சுவரிலோ பிளைவுட் பலகைகளிலோ வரைந்துகொள்ளுங்கள். பிறகு ஓட்டப்போகிறவரைத் தரையில் உட்காரவைத்து, முதுகுக்குப் பலகையும் காலுக்குச் செங்கல்லும் வைத்து, பெடல், ஸ்டியரிங், முழங்கை, தலை ஆகியவை வரும் இடங்களை அதே வரைபடத்தில் குறிக்க வேண்டும். பழைய பந்தயக் கார்கள் மெலிந்த உடலுக்கு அளவெடுத்தவை. நம்மில் பலருக்கு அந்த ஓட்டுநர் இருக்கை போதாது. இதைக் காகிதத்தில் கண்டுபிடிப்பதும் இரும்பில் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

அடுத்து, ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஈர்க்குச்சிகளையும் பசையையும் கொண்டு சேசிஸின் மாதிரி ஒன்றைச் செய்யுங்கள். சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றினாலும், முக்கோணக் கட்டமைப்பு என்றால் என்ன என்பதை இதைப் போல் எந்தப் பாடமும் கற்பிக்காது. நான்கு குச்சிகளால் ஆன சதுரத்தை இழுத்தால் அது சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை ஐந்தாவது குச்சியை வைத்துவிட்டால் சாயாது. மாதிரியின் இரு முனைகளையும் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எந்தக் கட்டம் கோணுகிறதோ அங்கே ஒரு மூலைக்குச்சி வேண்டும். எந்தக் குச்சியைச் சேர்த்தும் மாற்றம் இல்லையோ அது வெறும் எடை, எடுத்துவிடலாம். ஓட்டுநர் இறங்கி ஏற வேண்டிய பகுதியில் மேலே மூலைக்குழாய் போட முடியாது என்பதால், எல்லாத் திறந்த கார்களிலும் பலவீனமான இடம் அதுவே. லெவனில் தரைத்தகட்டையும், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டை மூடிய நடுச் சுரங்கத்தையும் அலுமினியத் தகட்டால் மூடி, அந்தத் தகடுகளையே சுமை தாங்கவைத்து இக்குறையை ஈடுசெய்தார்கள்.

சேசிஸ்

25 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 1.6 மி.மீ. கனம் என்பது முதல் முயற்சிக்குத் தகுந்த அளவு. கதவு, கிரில் செய்பவர்கள் வாங்கும் அதே கடைகளில் இது கிடைக்கும். ஆனால் உட்புறம் துருவேறாத, வளைவில்லாத, அச்சிட்ட கனம் உண்மையிலேயே இருக்கிற குழாய்தானா என்பதை வெர்னியர் வைத்துச் சரிபார்த்து வாங்குங்கள். இன்னும் சற்றுக் கனமாகப் போட்டால் பயம் இருக்காது என்று பட்டறைக்காரர் சொல்வார். கதவுக்கு அது சரி. நமக்கோ குழாயின் கனத்தால் அல்ல, முக்கோணத்தால்தான் வலிமை வருகிறது.

முதலில் கட்ட வேண்டியது கார் அல்ல, மேசை. மரச் சட்டத்தின் மேல் 19 மி.மீ. பிளைவுட் பலகையைப் பதித்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் ரசமட்டம் வைத்து, நான்கு மூலைகளையும் கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். மேசையில் நடுக்கோடு ஒன்றை ஆழமாகக் கீறிவிட்டு, எல்லா அளவுகளையும் அந்தக் கோட்டிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு குழாயிலிருந்து அடுத்த குழாய்க்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று அளந்துகொண்டே போனால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே வந்து, கடைசியில் பின்சக்கரம் ஒரு பக்கம் முன்னேறி நிற்கும்.

குழாய்களை வெட்டி, மேசையில் மரக்கட்டைகளை அறைந்து அவற்றுக்கிடையே பொருத்தி, முதலில் சட்டகம் முழுவதையும் புள்ளி வெல்டிங்கால் மட்டும் பிடிக்க வைக்க வேண்டும். அதன் பின் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரு மூலைவிட்டங்களும் ஒன்றாக இருந்தால் சட்டகம் நேராக இருக்கிறது. இதன் பிறகே முழு வெல்டிங் தொடங்க வேண்டும். ஒரே மூலையைத் தொடர்ந்து வெல்டிங் செய்தால் சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும். ஆதலால் முன் இடது மூலையில் ஓர் இணைப்பை முடித்தால் அடுத்ததைப் பின் வலது மூலையில் செய்து, ஆறவிட்டு ஆறவிட்டுத் தொடருங்கள். 1.6 மி.மீ. குழாயில் சாதாரணக் குச்சி வெல்டிங் எளிதில் துளை போட்டுவிடும். சி.ஓ.டூ. வெல்டிங் என்று பட்டறைகளில் சொல்லப்படும் மிக் இயந்திரமே இதற்கு ஏற்றது.

நீங்கள் வெல்டிங்கைப் புதிதாகக் கற்பவராயின் ஒரு சோதனையைச் செய்துபாருங்கள். துண்டுக் குழாய்களை இணைத்து, வைஸில் பிடித்து, சம்மட்டியால் அடித்து உடையுங்கள். குழாய் கிழிந்து இணைப்பு நின்றால் உங்கள் கை தேறிவிட்டது. இணைப்பு பிட்டுக்கொண்டு வந்தால் தேறவில்லை. தேறும் வரை, சேசிஸைப் புள்ளி வெல்டிங்கோடு நிறுத்திவிட்டு, முழு வெல்டிங்கைத் தேர்ந்த ஒருவரிடம் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் ஆகியவற்றின் பிடிமானங்களை எப்படியும் தேர்ந்தவரே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஆக்சிலும் சஸ்பென்ஷனும்

லெவனில் பல வகைகள் இருந்தன. லெ மான்ஸ் வகையில், கனமான டிஃபரன்ஷியலைச் சேசிஸிலேயே பொருத்திச் சக்கரங்களை ஒரு குழாயால் இணைக்கும் டி-டியோன் பின் அமைப்பும் டிஸ்க் பிரேக்கும் இருந்தன. கிளப் வகையில் சாதாரண ஒற்றை ஆக்சிலும் டிரம் பிரேக்கும் இருந்தன. ஈகோவின் பின் ஆக்சிலும் அதே சாதாரண வகைதான் என்பதால் அதைப் பயன்படுத்துவது அசலுக்கு மாறானதல்ல. சிக்கல் அகலத்தில்தான்: வேனின் ஆக்சில், லெவனைவிட ஏறத்தாழ பத்து செ.மீ. அகலமானது. ஆக்சிலைக் குறுக்கி, உள்ளே இருக்கும் ஷாஃப்டை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று லேத் பட்டறையில் சொல்லக்கூடும். வளைவில் செல்லும்போது வெட்டி ஒட்டிய ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே கழன்று போகலாம். ஆக்சிலை அப்படியே விட்டு, உடலை அந்தப் பத்து செ.மீ. அகலப்படுத்திக்கொள்வதே அறிவுடைமை, ஓட்டுநரின் இடுப்பும் அதற்கு நன்றி சொல்லும்.

வேனின் உயரத்துக்காகப் போடப்பட்ட பிராக்கெட்டுகளை ஆக்சிலிலிருந்து நீக்கிப் புதியன வைக்கும்போது, ஷாஃப்டுகளையும் பேரிங்குகளையும் கழற்றி, ஆயிலை வடித்துவிட்டு, சிறிது சிறிதாக வெல்டிங் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஹவுசிங் கோணிவிடும். வேனின் ஸ்பிரிங்குகள் ஒரு டன்னுக்கு மேல் சுமப்பதற்கானவை. அவற்றை 500 கிலோ காரில் போட்டால் சஸ்பென்ஷன் அசையவே அசையாது. ஸ்பிரிங் சுற்றிய, உயரம் சரிசெய்யக்கூடிய ஷாக் அப்சார்பர்களை நான்கு பக்கமும் போடுவது இந்தத் திட்டத்தில் தயங்காமல் செய்ய வேண்டிய செலவு.

முன்பக்கத்தில் ஈகோவின் உயரமான ஸ்டிரட் அமைப்பு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), லெவனின் தாழ்ந்த மூக்குக்குள் அடங்காது. சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகமான நக்கிளை மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்டிரட் பூட்டும் இரு போல்ட் துளைகளில் மேல் பால் ஜாயின்டைத் தாங்கும் கனத்த எஃகுத் துண்டு ஒன்றைச் செய்து பூட்டி, மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்று இரண்டு முக்கோணக் கைகளால் சேசிஸுடன் இணைக்கலாம். இந்தத் துண்டைப் பட்டறை அனுபவத்தை மட்டும் நம்பிச் செய்யாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் முழு விசையும் அதன் வழியே செல்கிறது. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் மெக்கானிக்கல் துறை ஆசிரியர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிக் கணக்குப் பார்த்துக்கொள்வது எளிதான காரியமே. மாணவர் பந்தயக் கார்ப் போட்டிகளுக்காக இவ்வகை நக்கிளைக் கையாண்டு பழகியவர்கள் இப்போது பொறியியல் கல்லூரிகளில் இருக்கிறார்கள்.

சக்கரத்தைப் பற்றி ஒரு சொல். லெவனில் 15 அங்குலக் கம்பிச் சக்கரங்கள் இருந்தன. வேனின் சிறிய சக்கரங்களைப் போட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் காரின் தோற்றமே கெட்டுவிடும். குறுகலான 15 அங்குல இரும்புச் சக்கரங்கள் போதும். சுமை இழுப்பதற்காக அமைந்த வேனின் கியர் விகிதமும் பெரிய சக்கரத்தால் சற்று நீண்டு, தடத்துக்குப் பொருத்தமாகும்.

எஞ்சின், குளிர்விப்பு, மின்சாரம்

வேனிலிருந்து எஞ்சினை இறக்குமுன், அது எந்தக் கோணத்தில் அமர்ந்திருக்கிறது என்பதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆயில் சம்பும் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயில் உறிஞ்சும் குழாயும் அந்தக் கோணத்துக்காக அமைந்தவை. புதிய சேசிஸிலும் அதே கோணம் வேண்டும். சம்பின் அடிப்பகுதி தரையிலிருந்து குறைந்தது 100 மி.மீ. உயரத்திலாவது இருக்க வேண்டும். அதைக் குட்டையாக்க நேர்ந்தால், வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்காதபடி உள்ளே தடுப்புத் தகடுகளை வைக்க வேண்டும். வேனில் ஓட்டுநர் எஞ்சினின் மேலே அமர்கிறார். நம் காரிலோ கியர்பாக்ஸின் பக்கத்தில், அதற்கும் சற்றுப் பின்னால் அமர்வார். ஆகவே கியர் லீவரின் இணைப்பைப் புதிதாக அமைத்தாக வேண்டும். கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் புரொபெல்லர் ஷாஃப்டைப் புதிய நீளத்துக்கு மாற்றியபின், கட்டாயம் பேலன்ஸ் செய்யக் கொடுங்கள்.

ரேடியேட்டர் தாழ்ந்த மூக்கில், எஞ்சினின் தலைக்கும் கீழே வரும். அப்படி வரும்போது தண்ணீரில் காற்று சிக்கிக்கொள்ளும். எஞ்சினின் மிக உயர்ந்த இடத்தைவிடவும் மேலே ஒரு சிறு நீர்த்தொட்டியைப் பொருத்தி, அங்கிருந்து நிரப்பும்படி செய்தால் சிக்கல் தீரும். மூக்கின் வாயிலிருந்து ரேடியேட்டர் வரை தகட்டால் மூடிய பாதை இருக்க வேண்டும். பாதை இல்லையேல் காற்று எளிதான வழியைத் தேடிச் சுற்றிக்கொண்டு போய்விடும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அதை ஈடுகட்டப் பெரிய ரேடியேட்டர் போடுவது எடையைக் கூட்டுமேயன்றிச் சூட்டைக் குறைக்காது.

மின்சாரத்தில் சுருக்கமாக ஒன்றுதான்: வேனின் வயரிங்கை வெட்டி எடுக்காமல், ஒவ்வொரு இணைப்புக்கும் சீட்டு ஒட்டி முழுதாகக் கழற்றுங்கள். சாவி, எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.யூ., திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். இல்லையேல் எஞ்சின் கிளம்பாது.

பிரேக்

வேனின் பிரேக் அமைப்பு, பின்பக்கம் பளு ஏறும் வண்டிக்கானது. அதை அப்படியே பொருத்தினால், இலகுவான காரில் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடக்கூடும். இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களையும் இடையே சமன் செய்யும் கம்பியையும் கொண்ட பெடல் அமைப்பைப் போட்டு, முன்சக்கரங்களே முதலில் பூட்டும்படி சரிசெய்துகொள்ள வேண்டும். செம்புக் குழாய்களைப் பிரேக் லைனுக்குப் பயன்படுத்தாதீர்கள். அதிர்வில் அது வெடித்துவிடும். முறையான எஃகு பிரேக் குழாயே வேண்டும். இந்த ஒரு பகுதியில் பழைய பாகம் எதையும் பயன்படுத்தக் கூடாது: சிலிண்டர், ஹோஸ், பேட், ஷூ எல்லாமே புதியவையாக இருக்கட்டும்.

வெளித்தோல்

அசல் லெவனின் உடலை வில்லியம்ஸ் அண்டு பிரிட்சர்ட் என்னும் லண்டன் பட்டறையில் அலுமினியத் தகட்டை அடித்துச் செய்தார்கள். டிங்கர் வேலையில் கைதேர்ந்தவர் உடனிருந்தால் 1.2 மி.மீ. அலுமினியத்தில் முயலலாம். தகடு அடி வாங்கி இறுகும்போது, அதன் மேல் சோப்பைத் தேய்த்து, பின்புறமிருந்து சூடாக்கி, சோப்பு கருக்கும்போது நிறுத்தினால் தகடு மறுபடியும் இளகும். ஆனால் முதல் காருக்கு, மூக்கும் வாலும் ஃபைபரிலும், தட்டையான பக்கங்கள் அலுமினியத்திலும் இருப்பதே நல்லது.

ஃபைபருக்கு முதலில் ஓர் அசல் உருவம் வேண்டும். 150 முதல் 200 மி.மீ. இடைவெளியில் காரின் குறுக்குவெட்டு வடிவங்களைப் பிளைவுட்டில் வெட்டி நிறுத்தி, இடையே பட்டிகளை ஓட்டி, மேலே பூசித் தேய்த்து அந்த உருவத்தைச் செய்கிறோம். அதன் மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் உடலை வார்க்கிறோம். இந்த வேலையின் தத்துவத்தைச் செட்டிநாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை: ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு மெருகேற்றியதால் வந்ததன்று, அதை வார்த்த கண்ணாடியின் பளபளப்பே கல்லில் இறங்குகிறது, அதுபோலவே அச்சின் முகம் எப்படியோ உடலின் முகமும் அப்படியே. உருவத்தைத் தேய்ப்பதில் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தினால், ஒவ்வொரு பள்ளமும் அச்சில் ஒரு மேடாகி, உடலில் மறுபடி பள்ளமாகி வந்து நிற்கும். விளக்கை அணைத்துவிட்டு, ஒரு குழல்விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, அதன் பிரதிபலிப்பு கோணாமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அச்சில் வாக்ஸைப் பலமுறை பூசித் துடைத்தபின், உடலின் வெளிமுகமாக அமையும் ஜெல்கோட் என்னும் பூச்சை அரை மில்லிமீட்டர் கனத்தில் பூசி, அது கையில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே ரெசினையும், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைப் பாயையும் இரண்டு அடுக்காக இட வேண்டும். ரெசினுக்கு ஒரு விழுக்காடு முதல் இரண்டு விழுக்காடு வரை, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் சேர்ப்பது வழக்கம். காரைக்குடியின் கோடையில் இரண்டு விழுக்காடு சேர்த்தால் கோப்பையிலேயே புகைந்து கல்லாகிவிடும். ஒரு விழுக்காட்டை ஒட்டி வைத்துக்கொண்டு, விடியற்காலையில் வேலை செய்து, ஒவ்வொரு நாளும் சிறு கோப்பையில் முதலில் சோதித்துப் பாருங்கள். அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் முழுமையாக இறுகாது.

ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள்: கோபால்ட் என்னும் ஊதா நிற முடுக்கியையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். முடுக்கியை ரெசினில் நன்கு கலக்கிய பின்னரே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். முடுக்கி ஏற்கனவே சேர்க்கப்பட்ட ரெசினை வாங்கிவிட்டால் இந்த ஆபத்தே இல்லை. ஆவி வடிகட்டும் முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். துணி முகமூடி ரெசின் ஆவியைத் தடுக்காது. கைப்பழக்கம் வேண்டுமென்றால், கிழக்கே தொண்டி, கோட்டைப்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் ஃபைபர் படகு செப்பனிடுபவர்களிடம் சில நாட்கள் உடனிருந்து பார்த்துவிட்டு வருவது பயன் தரும். ஆனால் படகுக்காரர் போடும் கனத்தில் பாதிகூட நமக்கு வேண்டாம்.

அலுமினியத் தகடுகளை இரும்புச் சேசிஸில் ரிவெட் அடிக்கும்போது இடையே சீலண்ட் பூச மறந்துவிடாதீர்கள். இரு உலோகங்களும் நேரடியாகத் தொட்டு, நடுவே ஈரமும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெண்பொடியாக உதிரும். அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தந்து 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஆராய்ந்துவரும் துறைகளில் இந்த அரிப்பும் ஒன்று.

பாதுகாப்பும் முதல் ஓட்டமும்

அசல் லெவனில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் வெறும் தகட்டுத் திமில்தான் இருந்தது. அதற்குள்ளேயே நமக்கு, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் தடுப்புக் கம்பி (ரோல் பார்) வேண்டும்: சர்வதேச விதிகள் சொல்லும் 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும் உள்ள தையலற்ற எஃகுக் குழாய், ஹெல்மெட் அணிந்த தலையைவிட உயரமாக. சதுரக் குழாயை வளைத்து அழகுக்கு வைப்பதில் பயனில்லை. ஆறு முனை பெல்ட், தீயணைப்பான், வெளியிலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், பெட்ரோல் டாங்கிக்கும் ஓட்டுநருக்கும் இடையே முழுமையான தடுப்புத்தகடு ஆகியவை இல்லாத காரை எந்தத் தடத்திலும் பரிசோதகர் உள்ளே விடமாட்டார், விடவும் கூடாது.

தடத்துக்குக் கொண்டுபோகுமுன் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே எடை பார்த்து, ஸ்பிரிங் உயரத்தை மாற்றி இடமும் வலமும் சமமாக்குங்கள். ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். முதல் நாள் மெதுவான சில சுற்றுகளே போதும். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் சரிபார்த்து, பிரேக் லைன்களில் கசிவு பார்த்து, சஸ்பென்ஷன் பிடிமானங்களின் வெல்டிங்கைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் மயிரிழை விரிசல் தேடுங்கள். போல்ட் ஒவ்வொன்றிலும் இறுக்கியபின் பெயின்டால் ஒரு கோடு போட்டுவைத்தால், தளர்ந்தது எது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

வெளி வண்ணத்தை இந்த ஓட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகே அடியுங்கள். சூட்டை வெளியேற்ற ஒரு துளை, சக்கரம் உரசும் இடத்தில் ஒரு வெட்டு, எஞ்சினின் மேல்பாகத்துக்காக மூடியில் ஒரு புடைப்பு என்று எதுவும் தேவைப்படாத உடல் அரிது. பிரைமர் பூசிய சாம்பல் நிற உடலில் கத்தியை வைக்க யாருக்கும் மனம் வலிக்காது.